வலை கிடக்கும் கடலில் நீச்சல் பழகியது

காவிரி டெல்டாவில் இருந்துகொண்டு அயர்ன்மேன் மாதிரி நெடுந்தூர ட்ரையத்லானுக்குப் பயிற்சி எடுக்க முடியுமா, பக்கத்தில் நீச்சல் குளம்கூட இல்லையே என்று நிறைய பேர் கேட்கிறார்கள். முடியும். சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் எந்த ஊராக இருந்தாலும் ஒன்றுதான், நீச்சலுக்கு நம் கடற்கரையைப் போல நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். ஆனால் அந்தக் கடல் நமக்காகக் காலியாகக் கிடக்கவில்லை. பழையாற்றிலிருந்து கோடியக்கரை வரை ஊர் ஊராக மீனவர்கள் அங்கேதான் தொழில் பார்க்கிறார்கள். எந்த வலை எங்கே கிடக்கும், படகு எப்போது கரைக்கு வரும், தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இறங்கவே கூடாது. தெரிந்துகொள்ள ஒரே வழி அவர்களிடம் போய்க் கேட்பதுதான். எனக்குக் கடல் நீச்சல் சொல்லிக்கொடுத்தது எந்தக் கோச்சும் இல்லை, தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் நடுவே இருக்கிற ஒரு மீனவ ஊர்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: முழுத் தூரம் என்றால் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம், மூன்றும் ஒரே நாளில் அடுத்தடுத்து. வழக்கமாக 17 மணி நேரத்துக்குள் முடிக்கணும், நீச்சலை 2 மணி 20 நிமிடத்துக்குள் முடித்துக் கரையேறாவிட்டால் சைக்கிளைத் தொடவே விடமாட்டார்கள். 1978-இல் ஹவாயின் ஓவாஹு தீவில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்ததில்தான் இது ஆரம்பித்தது. இதில் சரிபாதித் தூரத்துக்கு 70.3 என்று பெயர், மூன்றும் சேர்ந்து அத்தனை மைல். அந்தப் போட்டி 2019 முதல் கோவாவின் மீராமர் கடற்கரையிலேயே நடக்கிறது. நான் முதலில் கோவாவில் பாதித் தூரம், அப்புறம் மலேசியாவின் லங்காவியில் முழுத் தூரம் முடித்தேன்.

நான் செம்பனார்கோயில் பக்கம் வயல்காட்டு ஊர்க்காரன். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்தால் வாய்க்காலில் குதிப்போம், ஜனவரி 28-இல் அணையை மூடியதும் ஆறு மணலாகிவிடும். வாய்க்கால் நீச்சலுக்குத் தலையைத் தூக்கிக்கொண்டு நாலு கை போட்டால் போதும், 3.8 கி.மீ.க்கு அது உதவாது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை ஊதி, பக்கவாட்டில் திரும்பி மூச்சு எடுக்கிற பழக்கத்தைத் தஞ்சாவூர் போய் ஒரு நீச்சல் குளத்தில் கற்றுக்கொண்டேன். அது ஒரு படி. கடல் வேறு.

என்னோடு படித்த நண்பனின் அப்பா சின்ன வயதில் கட்டுமரம் வலித்தவர், இப்போது ஃபைபர் படகு வைத்திருக்கிறார். நானும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவேன். கடலில் நீந்தணும் என்று சொன்னதும் அவர் தடுக்கவில்லை, "மொதல்ல குந்தி கடலப் பாரு தம்பி, எறங்குறது அப்புறம்" என்றார். அவர்கள் படகு இறக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்த வார்த்தை புரியும். படகின் மூக்கு அலைக்கு நேராக இருக்கும், இரண்டு பக்கமும் ஆட்கள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இடுப்புத் தண்ணீரில் நிற்பார்கள், யாரும் பேச மாட்டார்கள். பெரிய அலைகள் தனித்தனியாக வருவதில்லை, இரண்டு மூன்று சேர்ந்து வரும், அப்புறம் கொஞ்ச நேரம் கடல் ஓய்ந்த மாதிரி இருக்கும். அந்த ஓய்வு தொடங்கும்போதே தள்ளிவிடுவார்கள், கடைசி ஆள் ஏறி உட்கார்வதற்குள் படகு அலை உடையும் இடத்தைத் தாண்டியிருக்கும். பக்கவாட்டில் ஒரு அலை அடித்தால் படகு கவிழும், அதனால் அரை நிமிடப் பொறுமைக்கு அத்தனை மதிப்பு.

நீந்துகிறவனுக்கும் இதே கணக்குதான். கரையில் நின்று அலை எத்தனை எத்தனையாகச் சேர்ந்து வருகிறது என்று பார். இடுப்பளவுக்கு நடந்து போ, எதிரே உடைகிற அலை வந்தால் அதன் மேல் ஏறப் பார்க்காதே, மூச்சு இழுத்துக்கொண்டு அடியில் மூழ்கி மணலைக் கையால் பிடித்துக்கொள், தலைக்கு மேலே இரைச்சல் போனதும் எழுந்து நீந்து. திரும்பி வரும்போதுதான் பலர் அடிபடுகிறார்கள், கரை தெரிகிறது என்று பின்னால் பார்க்காமல் வருவார்கள். சில கை வீச்சுக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கணும், பெரியது வந்தால் அதை மேலே போகவிட்டு அதன் முதுகைப் பிடித்த மாதிரி பின்னாலேயே வரணும். போட்டியில் நூறு பேர் ஒரே நேரத்தில் கடலில் ஓடி இறங்கும்போது இந்தப் பழக்கம் ஒன்றே பதற்றத்தைப் பாதியாகக் குறைக்கிறது.

அடுத்தது நீவாடு, அதாவது கடலின் உள்ளே ஓடுகிற ஓட்டம். மேலே காற்று ஒரு பக்கம் போகும், அடியில் தண்ணீர் இன்னொரு பக்கம் போகும். நம் கரையில் ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள்தான், கரையோரமாக வடக்கு தெற்காக ஓடுகிற ஓட்டம்தான் ஆளைத் தள்ளும். பொதுவாக மாசி, பங்குனி, சித்திரையில் அது வடக்கே போகும், ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே போகும், ஆனால் நாளுக்கு நாள் மாறும் என்பதால் கடலுக்குப் போய் வந்தவரிடம் அன்றைக்கே கேட்டுவிடுவது நல்லது. வலையின் மிதப்பு எந்தப் பக்கம் வளைந்து நிற்கிறது என்று பார்த்தே சொல்லிவிடுவார்கள். நான் எப்போதும் ஓட்டத்துக்கு எதிராக முதலில் நீந்துவேன். ஒரு மணி நேரத்துக்கு 3 கி.மீ. நீந்துகிறவன் 1 கி.மீ. வேகத்தில் வருகிற ஓட்டத்தை எதிர்த்தால் ஒரு கிலோமீட்டருக்கு அரைமணி நேரம் ஆகும், திரும்பும்போது அதே தூரம் கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். மாற்றிச் செய்தால் கை ஓய்ந்த பிறகு அந்த அரைமணி நேரம் வரும், வேண்டாம்.

நகர்ந்துகொண்டிருக்கிறோமா, இல்லை ஒரே இடத்தில் கை வீசிக்கொண்டிருக்கிறோமா என்று தெரிந்துகொள்ள அப்பா ஒரு வழி சொன்னார். ஜிபிஎஸ் வாட்ச் கட்டியிருந்தும் இன்றுவரை நான் இதைத்தான் நம்புகிறேன். கரையில் இரண்டு அடையாளம் எடுத்துக்கொள்ளணும், ஒன்று கிட்டத்தில், ஒன்று தூரத்தில், எனக்கு ஒரு வலைக்கொட்டகையின் மூலையும் அதற்குப் பின்னால் தள்ளி நிற்கிற ஒற்றைப் பனையும். இரண்டும் ஒரே கோட்டில் வருகிற இடத்தில் கடலுக்குள் நேராகப் போகிறேன். திரும்பிப் பார்க்கும்போது கொட்டகை பனைக்கு இடப்பக்கம் விலகித் தெரிந்தால் நான் வடக்கே தள்ளப்பட்டிருக்கிறேன், வலப்பக்கம் விலகினால் தெற்கே. கரைக்கு இணையாகப் போகும்போதும் மூச்சு எடுக்கிற பக்கம் கரை இருந்தால் இதையே பார்க்கலாம், பத்து இருபது கை வீசியும் இரண்டும் அதே கோட்டில் நின்றால் நீவாடு நம்மைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். ரேடாரும் எக்கோ சவுண்டரும் வருவதற்கு முன்னால் மீன் கிடைத்த இடத்தை மறுநாள் திரும்பக் கண்டுபிடித்தது இப்படிக் கரை அடையாளம் வைத்துத்தான். லங்காவியில் மிதவைக்கு மிதவை நேர்கோடு பிடிக்க ஒரு மலை முகட்டையும் ஒரு கட்டடத்தையும் வைத்துக்கொண்டேன், தலையை அடிக்கடி தூக்க வேண்டிய வேலை மிச்சம்.

இனி வலை. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உயிர் போகிற விஷயம்.

கரையோரத்தில் நமக்கு அதிகம் எதிர்ப்படுவது செவுள் வலை. மேல் கயிற்றில் மிதப்பு, கீழ்க் கயிற்றில் ஈயம், நடுவே ஒரு சுவர் மாதிரி தண்ணீரில் நிற்கும், மீன் தலையை நுழைத்துச் செவுளில் மாட்டிக்கொள்ளும். எந்த மீனுக்குப் போகிறார்களோ அதற்கு ஏற்ற கண்ணி அளவு. தங்கூசி நரம்பில், அதாவது ஒற்றை நைலான் இழையில் செய்த வலை தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது, மீனுக்குத் தெரியக்கூடாது என்றுதானே அப்படிச் செய்கிறார்கள், நமக்கு மட்டும் எப்படித் தெரியும்? நண்டு வலை அடியில் கிடக்கும், மேலே நீந்துகிறவனுக்குத் தொந்தரவு இல்லை, ஆனால் அலை உடையும் இடத்தில் காலூன்றினால் சுற்றிக்கொள்ளும். இரண்டு முனையிலும் கொடியோ தெர்மாகோலோ காலி பிளாஸ்டிக் கேனோ மிதக்கும். ஒரு கேனைப் பார்த்தால் இன்னொன்று எங்கே என்று தேடணும், இரண்டுக்கும் நடுவே போகக்கூடாது, சுற்றிக்கொண்டு போகணும்.

மாட்டிக்கொண்டால் காலை உதைக்காதே. உதைக்க உதைக்க வலை சுற்றும். மல்லாந்து மிதந்து, மூச்சை நிதானமாக்கி, எந்தப் பக்கத்திலிருந்து வந்தாயோ அதே பக்கம் மெதுவாகப் பின்வாங்கு, கையால் ஒவ்வொரு கண்ணியாக உருவிவிடு. கரையில் ஒரு கிழிந்த வலைத்துண்டை விரித்து, அதில் மாட்டிக் கழற்றிப் பழகச் சொன்னார் அப்பா. கண்ணை மூடிக்கொண்டு கழற்றுகிற அளவுக்குப் பழகினேன். இடுப்பில் கட்டி இழுத்துப் போகிற ஆரஞ்சு மிதவை படகுக்காரர் கண்ணில் படுவதற்கு அவசியம் வேண்டும், ஆனால் அதன் கயிறு நீளமாக இருந்தால் அதுவே வலையில் சிக்கும், குட்டையாக வையுங்கள், ஒரே இழுப்பில் கழற்றுகிற பெல்ட்டாக இருக்கட்டும்.

கரைவலை வேறு கதை. ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, படகு அரைவட்டமாக வலையைப் போட்டுக்கொண்டே போய் மறுமுனையைக் கொஞ்சம் தள்ளிக் கரைக்குக் கொண்டுவரும், அப்புறம் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கயிற்றை இழுப்பார்கள், நடுவே இருக்கிற மடியில் மீன் சேரும். படகு அரைவட்டம் போடத் தொடங்கியதைப் பார்த்தால் உடனே கரையேறிவிடுங்கள். உள்ளே ஒருவன் கை கால் அடித்தால் மீன் கலைந்து ஓடிவிடும், அன்றைக்குக் கிடைக்கிறதைத்தான் இழுத்தவர்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள், உங்கள் ஒரு கிலோமீட்டர் நீச்சலுக்காக முப்பது வீட்டுக் கூலி கெடக்கூடாது. நான் கரையேறிப் போய்க் கயிறு பிடிப்பேன். ஜிம்மில் கிடைக்காத பயிற்சி அது. கையால் இழுத்தால் ஐந்து நிமிடத்தில் தோள் போய்விடும், அவர்கள் முதுகை நேராக வைத்து, குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பு எடையைப் பின்னால் சாய்த்து நடக்கிறார்கள், கை வெறும் கொக்கிதான். வயதானவர் ஒருவர் அம்பா பாட்டு, அதாவது வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு, எடுத்துக்கொடுக்க, எல்லோர் காலும் அதற்குச் சேர்ந்து விழும். நீச்சலில் தோளால் இழுக்காமல் முதுகுத் தசையால் இழுக்கணும் என்று குளத்தில் எத்தனை முறை சொல்லியும் உடம்பில் ஏறாதது, இந்தக் கயிற்றில் ஏறியது.

விசைப்படகுகள் நம் பாதையில் வராது. கரையிலிருந்து 5 கடல் மைல், சுமார் 9 கி.மீ., அதற்கு உள்ளே அவை இழுவை வலை போடக்கூடாது என்பது சட்டம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு. ஆனால் தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், ஃபைபர் படகு அப்போதும் போகும் என்பதை நினைவில் வையுங்கள், கடல் காலி என்று நம்பி இறங்காதீர்கள். ஃபைபர் படகுகள் விடியலுக்கு முன்பே போய்விட்டுக் காலை ஏழு எட்டு மணிக்கு மேல் கரைக்கு வேகமாக வரும், தண்ணீரோடு தண்ணீராக இருக்கிற ஒரு தலை இன்ஜின் பிடித்திருப்பவருக்குத் தெரியாது. படகு பிடிக்கும் துறையிலிருந்து நன்றாகத் தள்ளி, வெளிச்சம் வந்ததும் இறங்கி ஏழு மணிக்குள் ஏறிவிடுவதுதான் என் வழக்கம்.

இந்தக் கரையில் பழகிய பிறகு சுருக்குமடியைப் பற்றி ஒரு நிலைப்பாடு எடுக்காமல் இருக்க முடியவில்லை. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடியைச் சுருக்கி மொத்தமாக அள்ளுகிற வலை அது. தமிழ்நாட்டில் 2000-இலேயே தடை போட்டார்கள், 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரண்டு நாள், காலை 8 முதல் மாலை 6 வரை மட்டும் என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. நாகை, மயிலாடுதுறைக் கரையில் இதை வேண்டும் என்கிற ஊரும் உண்டு, கூடாது என்கிற ஊரும் உண்டு, கடன் வாங்கி வலை வாங்கியவர்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும். இருந்தாலும் சின்னப் படகும் செவுள் வலையும் வைத்திருப்பவருக்குக் கரைக்கடலை விட்டால் வேறு கடல் கிடையாது, அவர் பங்கைக் காப்பாற்றுவதுதான் முதலில் என்றே நினைக்கிறேன். கரைவலை மடியிலும் குஞ்சு மீன் விழத்தான் செய்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை, ஆனால் அடிக்கடலையே வாரிக்கொண்டு போகிற விசைப்படகின் இழுவை வலையோடு அதை ஒரே தட்டில் வைக்க முடியாது.

சைக்கிளுக்கு வருகிறேன். டெல்டா தட்டை நிலம், மேம்பாலத்தை விட்டால் மேடு கிடையாது. நமக்கு மேடு காற்றுதான். சீர்காழியிலிருந்து காரைக்கால், நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி என்று தெற்கே போகிற தேசிய நெடுஞ்சாலை 32-இல் ஆனி ஆடியில் மேலைக்காற்று பக்கவாட்டில் அடிக்கும், பகல் ஏறினால் கடல்காற்று திரும்பி எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். கைப்பிடியில் குனிந்து, ஒரே அழுத்தத்தில் நாலைந்து மணி நேரம் மிதித்துப் பழக இதைவிடத் தோதான சாலை இல்லை. நண்பன் ஒருமுறை சொன்னதைத்தான் பந்தயம் முழுக்க மனதில் வைத்திருந்தேன்: "இழுவைப் படகு மாதிரி டீசலக் குடிச்சிக்கிட்டு ஓட்டாத, செவுள் வலை மாதிரி நின்னு புடி." முதல் 60 கி.மீ.யில் என்னை முந்தியவர்களில் பலரை மாரத்தானில் நடந்துபோகும்போது பார்த்தேன். ஆனால் லங்காவிச் சாலை ஏற்ற இறக்கம் நிறைந்தது, அதற்குத் தட்டை நிலப் பயிற்சி போதாது, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் போய்த்தான் தீரணும். தை மாசியில் அறுவடை நேரம், சாலையில் நெல் காயும், வைக்கோல் கிடக்கும், ஒல்லி டயருக்கு இரண்டுமே வழுக்கும். காயப்போட்டவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், வேகத்தைக் குறைத்துச் சுற்றிப் போங்கள்.

சாப்பாட்டை நாங்கள் வேண்டிய அளவு பேசுவதில்லை. இவ்வளவு தூரத்துக்கு மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போகணும், அதைச் சைக்கிளில்தான் சாப்பிட முடியும், ஓடும்போது வயிறு ஏற்காது. விலை கூடிய ஜெல் இல்லாமலே சமாளிக்கலாம்: வாழைப்பழம், பேரீச்சை, கடலைமிட்டாய், வெல்லம் கரைத்த உப்புத் தண்ணீர். இளநீரை மட்டும் நம்பக்கூடாது, அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, வியர்வையில் நாம் இழப்பது சோடியம். அப்பா கடலுக்கு எடுத்துப்போகிற நீராகாரத்தில் கை நிறைய உப்பு போடுவார், நான் இளநீர் பாட்டிலில் ஒரு சிட்டிகை போடுகிறேன். பந்தயத்துக்கு முந்தைய இரவு கருவாட்டுக் குழம்பு வேண்டாம், ருசி பார்த்து அதிகம் சாப்பிட்டுவிடுவோம், தாகம் எடுக்கும்.

நம் கடல் வருடம் முழுக்க வெதுவெதுப்பு. தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் போனால் மிதக்க உதவுகிற ரப்பர் உடையை விதிப்படி போட முடியாது, கோவாவிலும் லங்காவியிலும் அதுதான் நிலைமை. குளிர்நாட்டுக்காரர்கள் அந்த உடை இல்லாமல் தடுமாறுவார்கள், நமக்கு அது தெரியாத பொருள் என்பதால் இழப்பே இல்லை. சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் எரியும், மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள், கடல் தண்ணீரிலேயே அலசி நரம்பு மாதிரி ஒட்டியிருப்பதை எடுத்துவிடுங்கள். மூச்சுத் திணறினால் நேரே ஆஸ்பத்திரி.

ஓட்டத்துக்குச் சொல்ல அதிகம் இல்லை. ஈரமணலில் ஓடினால் கணுக்கால் பலப்படும், ஆனால் கரை சரிவாக இருப்பதால் ஒரே பக்கமாக ஓடாமல் போய்த் திரும்பணும். நீளமான ஓட்டத்தை வயல் நடுவே போகிற தார்ச்சாலையில், விடியற்காலையில்.

ஆரம்பிக்க நினைக்கிறவர்கள் முதலில் அந்த ஊர் நாட்டார் பஞ்சாயத்தில், அதாவது மீனவர்களின் ஊர்ப் பஞ்சாயத்தில் போய், இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் நீந்தப்போகிறேன் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் கூடாது என்று சொல்கிற நாள் கூடாதுதான், ஊரில் சாவு, திருவிழா, மீன் கூட்டம் கிட்டத்தில் வந்திருக்கிறது, எதுவாகவும் இருக்கலாம். 2 கி.மீ.க்கு மேல் போகிற நாளில் ஒரு படகை நண்டு வலை எடுத்து முடித்த பிறகு பேசிக் கூடவே வரச்சொல்லுங்கள், டீசலும் ஆள் கூலியும் பேரம் பேசாமல் கொடுங்கள். ஆற்று முகத்துவாரம் பக்கம் எந்தக் காலத்திலும் இறங்காதீர்கள், வடிகிற தண்ணீர் வெளியே இழுக்கும். ஐப்பசி பாதியிலிருந்து மார்கழி முடிய நான் கடலைத் தொடுவதில்லை. ஆற்றிலும் அப்போது வெள்ளம் இருக்கும், மதகுக்கும் ரெகுலேட்டர் ஷட்டருக்கும் பக்கத்தில் போனால் உறிஞ்சிவிடும். அந்த மாதங்களில் வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறித் தஞ்சாவூர்க் குளத்துக்குப் போய்விடுகிறேன், தை பிறந்து கடல் அடங்கிவிட்டது என்று நண்பன் போன் செய்கிற வரை.